பழைய மருந்துச் சீட்டைப் பேணி வையுங்கள்!

 

நிலத்தின் பத்திரத்தையும், நிக்காஹ் பதிவையும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் நாம் பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கிறோம். மருந்துச் சீட்டை மட்டும் அவ்வாறு பேணுவதில்லை. காய்ச்சல் தணிந்த மறுநாளே அது குப்பைக்குப் போய்விடுகிறது. சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் இதனால் பெரிய இழப்பொன்றும் இல்லை. ஆனால், ஆண்டுக்கணக்கில் மருந்துண்ண வேண்டிய நோய்களில் அந்தத் துண்டுத்தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. அத்தகைய நோய்களுள் ஒன்று, காக்காய் வலிப்பு என்று நம் ஊர்களில் வழங்கும் வலிப்பு நோய். வயது வந்த ஒருவருக்கு இந்நோய் இருக்குமானால், அடுத்து அவருக்கு எந்த மருந்தைக் கொடுப்பது, எந்த அளவில் கொடுப்பது, எதைக் கொடுக்கவே கூடாது என்பவற்றையெல்லாம் அவர் முன்பு உண்ட மருந்துகளின் வரலாறே பெரும்பாலும் முடிவு செய்கிறது. இதைப் பற்றித்தான் உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். ஏட்டில் படித்ததைவிட, என் இளைய சகோதரரின் வாழ்விலிருந்து நான் இதில் அறிந்துகொண்டதே அதிகம்.

கீரிப்பாறைத் தோட்டத்தில்

தமிழகத்தில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம்தான் நினைவுக்கு வரும். நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் கடந்து மலையடிவாரம் சேர்ந்தால் கீரிப்பாறை. 1984-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே பால்வெட்டும் தொழிலாளி, விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் கூரிய கத்தியுடன் மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவி வரவேண்டும். சரிவான நிலம், வழுக்கும் பாறை, கூப்பிடு தூரத்தில் ஆளில்லாத தனிமை, போதாத உறக்கம். வலிப்பு நோயாளிக்கு இவை ஒவ்வொன்றும் ஆபத்தே. அதிலும் உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டிவிடும் தன்மையுடையது.

அந்த மலையடிவாரத்தில் பால்வெட்டிப் பிழைப்பவர்களில் என் சகோதரரும் ஒருவர். தம் 27-ஆம் வயதில், அதிகாலையில் தோட்டத்துக்குச் சென்றவர் மரத்தடியில் நினைவிழந்து விழுந்தார். ஓடிவந்தவர்கள் வழக்கம்போல் இரும்புத் துண்டைக் கையில் திணித்தார்கள். இரும்பினால் வலிப்பு நிற்பதில்லை. நோயாளியை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், தலையில் அடிபடாமல் காத்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை.

அன்று தொடங்கிய வைத்தியம் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. மூன்று டாக்டர்கள், ஒரு நாட்டு வைத்தியர் எனப் பலரையும் பார்த்தாகிவிட்டது. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வலிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. கடைசியாகப் பார்த்த இடத்தில், "இவருக்கு எந்த மருந்தும் பிடிக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உம்மாவின் கண்ணீர். இரு குழந்தைகளை வைத்துக்கொண்டு மனைவியின் கவலை. கத்தி எடுக்கும் வேலை இனி தரமாட்டார்களோ என்ற அச்சம். இந்நிலையில்தான் திருவனந்தபுரத்திலுள்ள நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன்.

நான்கு கேள்விகள்

வலிப்பு எப்படி வருகிறது என்று கேட்டறிந்த பின், அந்த டாக்டர் நான்கு கேள்விகளைக் கேட்டார். "இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள்? என்ன அளவில் சாப்பிட்டீர்கள்? எத்தனை மாதம் சாப்பிட்டீர்கள்? ஏன் நிறுத்தினீர்கள்?"

"மூணு மருந்து தின்னாச்சு டாக்டர், ஒண்ணும் கேக்கல்ல" என்றார் என் சகோதரர். பெயரைக் கேட்டால், ஒன்று வெள்ளை மாத்திரை, ஒன்று ரோஸ் மாத்திரை. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் கோபப்படவில்லை. அப்போது உண்டுவந்த மருந்தை நிறுத்தாமல் தொடரும்படி கூறி, "இரண்டு வாரம் கழித்து வாருங்கள். வீட்டில் கிடைக்கும் சீட்டு, காலி அட்டை, பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கூடவே வீட்டிலுள்ளவர்களின் நினைவையும் கொண்டு வாருங்கள்" என்றார்.

அந்த இரண்டு வாரமும் வீட்டில் தேடல்தான். கிதாபுகள் அடுக்கிய அலமாரியில் ஓர் இரத்தப் பரிசோதனைத் தாள் கிடைத்தது. தையல் டப்பாவில் பாதி கிழிந்த மாத்திரை அட்டை இரண்டு கிடைத்தன. முன்பு மருந்து வாங்கிய கடைக்காரர் தம் பழைய பில் கட்டிலிருந்து சிலவற்றைத் தேடித் தந்தார். எஞ்சியதை உம்மாவின் நினைவு நிரப்பியது. "இளைய பிள்ளை பிறந்து நாப்பது கழிஞ்ச வாரம். அந்த மாத்திரை தின்னுதான் மேலெல்லாம் செவந்து தடிச்சுப்போச்சு மக்களே! வாயும் புண்ணாப் போச்சுல்லா" என்றார்கள். நாள்காட்டியில் இல்லாத தேதி, தாயின் நெஞ்சில் இருந்தது.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்தியபோது உண்மை விளங்கியது. முதல் மருந்து ஃபெனிடோயின். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வீதம் மூன்றாண்டுகள் உண்டிருக்கிறார். ஈறுகள் தடித்திருப்பதைக் கண்டு டாக்டரும் அதனை உறுதி செய்தார். இரத்தத்தில் அம்மருந்து போதிய அளவு இருந்தும் வலிப்பு வந்திருக்கிறது என்பதைப் பரிசோதனைத் தாள் காட்டியது. இரண்டாவது, கார்பமஸெபின். அதை உண்ட மூன்றாம் வாரத்திலேயே காய்ச்சலும் தடிப்பும் கண்டு நிறுத்தப்பட்டது. மூன்றாவது, சோடியம் வால்ப்ரோயேட். வளர்ந்த ஆளுக்குப் போதாத குறைந்த அளவில், ஆறே வாரம் உண்டுவிட்டு, நாட்டு மருந்துக்காக விடப்பட்டது.

"ஆக, உங்களுக்கு மூன்று மருந்து தோற்கவில்லை. ஒன்றுதான் தோற்றது. ஒன்று உங்கள் உடலுக்கு ஒவ்வாதது. இன்னொன்றை நீங்கள் இன்னும் முறையாகச் சாப்பிட்டே பார்க்கவில்லை" என்றார் டாக்டர். கார்பமஸெபின் கூடாது என்று சீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதினார். அந்த ஒவ்வாமை தெரியாமல் போயிருந்தால், அதன் நெருங்கிய இனமான ஆக்ஸ்கார்பஸெபினை எழுதியிருக்கக்கூடும் என்றும், அது உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம் என்றும் கூறினார். ஃபெனிடோயின், கார்பமஸெபின், ஆக்ஸ்கார்பஸெபின், லாமோட்ரிஜின் ஆகியவற்றுள் ஒன்றினால் தோல் தடித்தவருக்கு மற்றொன்றினாலும் தடிக்கும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி.

பின்னர் வால்ப்ரோயேட் மருந்தையே மீண்டும் தொடங்கி, படிப்படியாக உரிய அளவுக்கு உயர்த்தினார். இரண்டாண்டுகள் கடந்துவிட்டன. அல்ஹம்துலில்லாஹ், இதற்குள் வலிப்பு வந்தது ஒரே ஒருமுறை. அதுவும் மாத்திரை தீர்ந்து, கடைக்குப் போகாதிருந்த நாளில். உடல் எடை சற்றுக் கூடியிருக்கிறது. கையில் சிறு நடுக்கம் இருக்கிறது. டாக்டரின் யோசனைப்படி இருட்டில் பால்வெட்டும் வேலையை விட்டு, பகலில் பால் சேகரிக்கும் வேலைக்கு மாறியிருக்கிறார். எல்லா நோயாளிகளுக்கும் இப்படியே அமையும் என்று நான் கூறமாட்டேன். ஆனால், கேட்க வேண்டிய கேள்விகள் எல்லோருக்கும் இவையே.

ஆய்வுகள் உரைப்பது

இந்த நான்கு கேள்விகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் க்வான், பிராடி என்னும் இரு மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்குமுன் வலிப்புக்கு மருந்தே உண்ணாத 470 பேரில் 222 பேருக்கு, அதாவது 47 சதவிகிதத்தினருக்கு, முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றது 67 பேருக்கு. இது 14 சதவிகிதம். இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நின்றது 12 பேருக்கு. இது 3 சதவிகிதம்.

இதனினும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. முதல் மருந்து கைகொடுக்காதவர்களில் பிற்பாடு எத்தனை பேருக்கு வலிப்பு நின்றது என்று பார்த்தார்கள். மருந்து வலிப்பை அடக்காமல் போனவர்களில் 11 சதவிகிதத்தினர்தான் பின்னர் நலமடைந்தார்கள். பக்கவிளைவுகளைத் தாங்கமுடியாமல் மருந்தை மாற்றியவர்களில் 41 சதவிகிதத்தினரும், தோல் தடிப்பு போன்ற ஒவ்வாமையால் மாற்றியவர்களில் 55 சதவிகிதத்தினரும் நலமடைந்தார்கள். ஆக, மருந்து நிறுத்தப்பட்டது என்ற செய்தி மட்டும் டாக்டருக்குப் போதாது. ஏன் நிறுத்தப்பட்டது என்ற செய்தியில்தான் நோயாளியின் நாளைய நிலையே அடங்கியிருக்கிறது.

ஷில்லர், நஜ்ஜார் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வகையில் காட்டியது. முதல் மருந்து உண்டவர்களில் 61.8 சதவிகிதத்தினருக்கு வலிப்பு நின்றது. ஏற்கெனவே ஒரு மருந்து பயனளிக்காதவர்களில் அடுத்த மருந்தால் நின்றது 41.7 சதவிகிதத்தினருக்கு. இரண்டு முதல் ஐந்து மருந்துகள் வரை பயனளிக்காதவர்களில் இது 16.6 சதவிகிதமாகக் குறைந்தது.

இதனால் நம்பிக்கை இழந்துவிடவும் கூடாது. நெடுங்காலம் வலிப்புக்கு ஆளாகியிருந்த 155 பேருக்குப் புதிய மருந்துகளைச் சேர்த்துப் பார்த்த லண்டன் மருத்துவர்கள், அவர்களில் 28 சதவிகிதத்தினருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ வலிப்பு நின்றதாக 2007-இல் அறிவித்தார்கள். இன்னும் உண்டு பார்க்காத மருந்து எது என்பதை அறியவும் பழைய பட்டியல்தானே வேண்டும்?

உரிய முறையில் தேர்ந்தெடுத்து, உரிய அளவில் உண்ட இரு மருந்துகளாலும் வலிப்பு நிற்காவிட்டால், அதனை மருந்துக்கு அடங்காத வலிப்பு எனக் கொள்ளலாம் என்று உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது. அந்நிலையில் அறுவைச் சிகிச்சை பயன்படுமா என்று ஆராய்வார்கள். நமக்கு அண்மையிலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது. வரலாறு தெரியாவிட்டால் இருவகையிலும் கேடு உண்டு. அறுவைச் சிகிச்சையால் பயன் பெறக்கூடியவர் ஆண்டுக்கணக்கில் மாத்திரையை மாற்றிக்கொண்டே காலம் கழிப்பார். மருந்திலேயே குணமாகக்கூடியவர் தமக்கு இனி மருந்தில்லை என்று மனம் ஒடிந்து போவார்.

மருந்தோடு மருந்து மோதும்போது

வலிப்பு மாத்திரைகளின் வரலாற்றோடு, மற்ற மருந்துகளின் வரலாறும் சேர வேண்டும். நாம் உண்ணும் மருந்துகளில் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை ஈரல் செய்கிறது. ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமஸெபின் ஆகியவை அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. அதனால் உடன் உண்ணும் மற்ற மருந்துகளின் வலு குறையும். அவற்றை நிறுத்திய பின்னரும் இந்த விளைவு இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். வால்ப்ரோயேட் இதற்கு மாறானது. அது லாமோட்ரிஜினைச் சிதையவிடாமல் தேக்கி வைக்கும். ஆகவே வால்ப்ரோயேட் உண்பவருக்கு லாமோட்ரிஜினை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மிக மெதுவாகவே கூட்ட வேண்டும். இல்லையேல் கடுமையான தோல் தடிப்பு வரலாம்.

காசநோய்க்கு மருந்துண்பவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ளவேண்டும். ரிஃபாம்பிசின் பல வலிப்பு மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். ஐசோனியாசிட் ஃபெனிடோயின் அளவை ஏற்றித் தள்ளாட்டத்தை உண்டாக்கக்கூடும். முன்பு மனச்சோர்வுக்கோ மனக்கலக்கத்துக்கோ மருந்து உண்டிருந்தால் அதையும் மறைக்காமல் கூறவேண்டும். இக்காலத்தில் பெரிதும் வழங்கப்படும் லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் உண்டாக்குவதால், டாக்டர் அதனைத் தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது.

சூரணம், பஸ்பம் என்று உண்டவற்றையும் சொல்லத்தான் வேண்டும். வலிப்புக்கென விற்கப்பட்ட சில பொடிகளைச் சோதித்தபோது, அவற்றில் ஃபீனோபார்பிட்டோன் போன்ற ஆங்கில மருந்துகளே கலந்திருந்தது தெரியவந்துள்ளது. அத்தகைய பொடியைத் திடீரென நிறுத்தினால், விடாது தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தர்காவுக்குச் சென்றதையோ, ஓதிப் பார்த்ததையோ டாக்டர் குறை கூறப்போவதில்லை. வாய்வழி உள்ளே சென்றது எது என்பதே அவருக்குத் தேவை.

ரமளான் வருமுன்

நம் இல்லங்களுக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ரமளான் பிறந்ததும் பகல் வேளை மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுபவர்கள் நம்மில் பலர். ஸஹருக்காக உறக்கம் குறைவதும், மருந்தின் இடைவெளி நீள்வதும் ஒன்று சேர்ந்தால் வலிப்பு வருவதற்கு வழி திறக்கிறது. நோயாளிக்குத் திருக்குர்ஆன் சலுகை அளித்திருக்கிறது. விடுபட்ட நோன்பைப் பிற நாட்களில் நோற்கலாம். தீராத நோயுடையோர் பரிகாரம் செய்யலாம். மார்க்கம் எளிதாக்கியதை நாம் கடினமாக்கிக்கொள்ளலாகாது. நோன்பு நோற்க விரும்புவோர், ரமளானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சென்று, ஸஹரிலும் இஃப்தாரிலும் மட்டும் உண்ணத்தக்க மருந்து தமக்குப் பொருந்துமா என்று கேட்கவேண்டும். சென்ற ஆண்டு நோன்பில் வலிப்பு வந்ததா, எந்த மருந்தின்போது வந்தது என்பதும் மருந்து வரலாற்றின் ஒரு பகுதியே.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

நோயை மறைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து உண்ண வேண்டியிருப்பதால் பல வேளை விட்டுப்போகிறது. பிறகு வலிப்பு வந்தால், மருந்து பயனில்லை என்று மருந்தின் மேல் பழி விழுகிறது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணுக்கு எந்த மருந்து என்பது மிக முக்கியமான கேள்வி. வால்ப்ரோயேட் என் சகோதரருக்கு உதவியது உண்மை. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்கு அது ஊறு செய்யும் வாய்ப்பு மற்ற மருந்துகளைவிட மிகுதி. கருவுற்ற வலிப்பு நோயாளிகளைப் பதிவு செய்து கவனிக்கும் பதிவேடு ஒன்று கேரளத்தில் 1998 முதல் நடந்துவருகிறது. ஈரலை விரைவுபடுத்தும் மருந்துகளை உண்ணும்போது கருத்தடை மாத்திரை பலனளிக்காமல் போகலாம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதற்காக, கருவுற்றதும் பயந்துபோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. திருமணத்துக்கு முன்பே டாக்டரைக் கலந்து மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

இந்நோயில் மறைப்பதற்குரிய இழிவு ஏதுமில்லை. வலிப்புக்கு ஆளாகியிருந்த ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தமக்காக துஆ செய்யக் கேட்டதும், பொறுமைக்குச் சுவனம் உண்டு என்ற நற்செய்தியைப் பெற்றதும், நினைவிழக்கும்போது தம் மேனி திறந்துவிடாதிருக்க துஆ செய்யுமாறு வேண்டியதும் புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளன. அப்பெண்மணி தம் நோயை மறைக்கவுமில்லை. அண்ணலார் அவரை ஒதுக்கவுமில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இன்றே ஒரு சிறு நோட்டை வாங்குங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருந்தின் பெயர் (அட்டையிலுள்ள கம்பெனிப் பெயரும், அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரும்), எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை வேளை, தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி, நிறுத்திய தேதி, நிறுத்தியதன் காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். வலிப்பு வந்த நாளையும், அன்று மருந்து விட்டுப்போயிற்றா, உறக்கம் கெட்டதா என்பதையும் குறியுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரை முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதுங்கள். காலி அட்டை ஒன்றை ஒட்டி வையுங்கள். வலிப்பின்போது நடப்பது நோயாளிக்குத் தெரியாது. ஆகவே டாக்டரிடம் செல்லும்போது, அதைக் கண்ணால் கண்ட ஒருவரும் உடன் செல்லட்டும். படிக்கத் தெரியாத பெரியவர் இருக்கும் வீட்டில் இந்தப் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். எங்கள் வீட்டு நோட்டை இப்போது என் சகோதரரின் மூத்த மகள்தான் எழுதி வருகிறாள்.

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்பது நமக்குக் கிடைத்த நபிமொழியின் கருத்து. அந்நிவாரணத்தைத் தேடும் டாக்டருக்கு, நாம் கடந்துவந்த வழியைக் காட்டுவது நம் கடமை. நோயுற்ற ஒவ்வொருவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண நலத்தையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.